பிபிஎம்என் எடிட்டரில் சர்வீஸ் பரிந்துரை: எங்கே காட்டுவது, எத்தனை காட்டுவது?

கட்டம்வட்டம் (கேள்வி)

வணக்கம். பிபிஎம்என் (அலுவலகப் பிராசஸ்களைப் படமாக வரையும் குறியீட்டு முறை) வரைய உதவும் பிபிஎம்என்-ஜேஎஸ் லைப்ரரியின் மேல் கட்டிய எடிட்டர் ஒன்றை உள்பயன்பாட்டுக்கு வைத்திருக்கிறோம். கேட்டலாக்கில் சுமார் 140 வெப் சர்வீஸ்கள். முப்பது பழைய சோப் வகை (எக்ஸ்எம்எல் செய்தி வழி அழைப்பவை), மீதி ரெஸ்ட் (நேரடி ஹெச்டிடிபி அழைப்பு), ரெஸ்ட் எல்லாவற்றுக்கும் ஓப்பன்ஏபிஐ என்ற விவரக் கோப்பு உண்டு. பிராசஸ் வரைபவர்கள் 25 பேர். பாதி பிசினஸ் அனலிஸ்ட், பாதி டெவலப்பர்.

ஒரு டாஸ்க்கைத் தேர்ந்ததும் வலப்பக்கப் பேனலில் "உங்களுக்கான பரிந்துரைகள்" என்று பத்து சர்வீஸ்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம், "87% பொருத்தம்" என்பதுபோல ஓர் எண், சராசரி பதில்நேரம். பேனலைப் பெரும்பாலோர் மூடிவிட்டு, கேட்டலாக்கைத் தனி டேபில் திறந்து தேடிக்கொள்கிறார்கள்.

எடுத்துக்காட்டுக்கு சப்ளையர் இன்வாய்ஸ் பிராசஸ்: இன்வாய்ஸ் வருகிறது, ஜிஎஸ்டிஐஎன் (ஜிஎஸ்டி பதிவு எண்) சரிபார்ப்பு, பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒப்பீடு, ஒப்புதல், பணம் அனுப்புதல். இதில் எந்த டாஸ்க்கைத் தொட்டாலும் பட்டியலின் தலையில் பான் சரிபார்ப்பு, எஸ்எம்எஸ் அனுப்புதல் இரண்டும்தான் நிற்கின்றன. பின்னால் இருப்பது பயனர் வாரியான கொலாபரேட்டிவ் ஃபில்டரிங், அதாவது ஒரே மாதிரி ஆட்கள் எடுத்ததைப் பரிந்துரைக்கும் முறை.

கேட்க வந்தது இடைமுகத்தைப் பற்றி. பேனல் தவறான இடமா? எத்தனை காட்டலாம்? காரணத்தை எப்படி எழுதுவது? லைக், டிஸ்லைக் பட்டன் வைத்தால் பயன் உண்டா?

---

ஓரக்கோடு

பேனல் தவறான இடம்தான். வரைபவரின் கண்ணும் மவுஸும் கேன்வாஸில், அந்த டாஸ்க்கின் மேல் இருக்கின்றன. வலது ஓரத்தில் எதுவாவது மாறினாலும் அது ப்ராப்பர்ட்டி பேனலின் இரைச்சலாகத்தான் தெரியும். டாஸ்க்கின் பக்கத்தில் முளைக்கும் கான்டெக்ஸ்ட் பேடில் ஓர் ஐகான் சேருங்கள். அதை அழுத்தினால் பாப்அப் மெனு திறக்கட்டும். மேலே தேடல் பெட்டி, அடுத்து "பரிந்துரை" என்ற குழுவில் மூன்று வரிகள், அதன்கீழ் முழு கேட்டலாக். பிபிஎம்என்-ஜேஎஸ்ஸின் பாப்அப் மெனுவிலேயே குழு, விளக்க வரி, தேடல் மூன்றும் இருக்கின்றன, நீங்களாக எழுத வேண்டாம். தேடலும் பரிந்துரையும் ஒரே இடத்தில் இருந்தால் தனி டேப் திறக்கும் பழக்கம் தானாகக் குறையும்.

எப்போது காட்டுவது என்பதும் முக்கியம். சர்வீஸ் ஏற்கெனவே இணைத்த டாஸ்க்கில் ஐகானே வேண்டாம், "மாற்று" என்பது வேறு மெனு. இன்னொன்று: அனலிஸ்ட்கள் சர்வீஸ் டாஸ்க் என்று வகை குறித்து வரைய மாட்டார்கள், வெறும் டாஸ்க் கட்டத்தை இழுத்துப்போட்டுப் பெயர் எழுதுவார்கள். சர்வீஸ் டாஸ்க்கில் மட்டும் பரிந்துரை வந்தால் பாதிப் பேருக்கு அது கண்ணிலேயே படாது. எலிமென்ட் டெம்ப்ளேட்டில் (ஒரு சர்வீஸுக்கான அமைப்புகளை டாஸ்க்கின் மேல் ஒரேயடியாகப் பூசும் வார்ப்பு) இலக்கு வகையைச் சர்வீஸ் டாஸ்க் என்று குறித்தால், வெறும் டாஸ்க்கின் மேல் பூசும்போதே வகையும் மாறிவிடும்.

கட்டும்போது கால் இடறும் இடங்கள்:

மெனுவின் வரிகளைத் தரும் மெனு ப்ரொவைடர் கேட்ட கணமே விடை கொடுக்க வேண்டும், ப்ராமிஸ் (விடை பிறகு வரும் என்ற வாக்கு) ஏற்காது. மெனு திறந்தபின் சர்வரைக் கேட்கலாம் என்று திட்டமிட்டால் வெறும் மெனுதான் திறக்கும். தேர்வு மாறும் நிகழ்விலும் பெயர் எழுதி முடித்த நிகழ்விலும் முன்கூட்டியே கேட்டுக் கேஷில் வையுங்கள். கேஷ் சாவியில் டாஸ்க் ஐடி மட்டும் போதாது. பெயரும், முன்னும் பின்னும் உள்ள டாஸ்க்குகளும் சேர வேண்டும். இல்லையென்றால் பெயரை மாற்றிய பிறகும் பழைய பரிந்துரையே வந்து நிற்கும்.

திறந்திருக்கும் மெனுவின் வரிசையை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள். கை முதல் வரியை அழுத்தப் போகும் அரை நொடியில் புது விடை வந்து வரிசை புரண்டால் தவறான சர்வீஸ் இணையும், பலர் அதைக் கவனிக்கவும் மாட்டார்கள். தாமதமாக வந்த விடை அடுத்த முறைக்கு.

தேர்ந்த சர்வீஸை டாஸ்க்கின் பிசினஸ் ஆப்ஜெக்டில் (டாஸ்க்கின் தரவைத் தாங்கும் ஆப்ஜெக்ட்) நேரே எழுதிவிடுவது அடிக்கடி காணும் பிழை. அப்படி எழுதினால், மாற்றங்களை வரிசையாக நினைவில் வைக்கும் கமாண்ட் ஸ்டாக்குக்கு அது தெரியாது, கன்ட்ரோல்-இஸட் வேலை செய்யாது. எலிமென்ட் டெம்ப்ளேட் வழியாகப் பூசினால் வகை மாற்றம், எண்ட்பாயின்ட், இன்புட் எல்லாம் ஒரே அன்டூவில் திரும்பும். ஒரே அழுத்தில் திரும்பும் என்று தெரிந்தால்தான் ஆட்கள் பரிந்துரையைத் துணிந்து முயல்வார்கள்.

எண்ணிக்கை: மூன்று. பத்து வரிகளைப் படித்து ஒப்பிடும் வேலை, தேடல் பெட்டியில் நான்கு எழுத்து அடிப்பதைவிடக் கூடுதல். அதனால்தான் உங்கள் ஆட்கள் தேடலுக்குப் போகிறார்கள்.

---

மாதிரிவெளி

இடம் சரியானாலும் பான் சரிபார்ப்பு தலையில் நிற்கும்வரை யாரும் நம்ப மாட்டார்கள். அது ரேங்கிங் கோளாறு, ஆனால் "யாருக்கான பரிந்துரை" என்ற கேள்வியிலிருந்து வருவதால் இடைமுகத்தையும் தொடும்.

சர்வீஸ் பரிந்துரை ஆய்வுகளில் எல்லோரும் எடுத்தாளும் டபிள்யூஎஸ்-ட்ரீம் தரவில் 339 பயனர்கள், 5,825 சர்வீஸ்கள், பதில்நேரமும் த்ரூபுட்டும் (நொடிக்கு எவ்வளவு தரவு வருகிறது என்பது). அந்த 339 பேரும் மனிதர்கள் இல்லை, பல நாடுகளில் இருந்த பிளானட்லேப் என்ற ஆய்வு நெட்வொர்க்கின் கணினிகள். அங்கே "தனிப்பட்ட" பரிந்துரை என்றால், இந்த நெட்வொர்க் இடத்திலிருந்து அழைத்தால் இந்த சர்வீஸ் எவ்வளவு வேகமாக இருக்கும் என்ற கணிப்பு. உங்கள் அமைப்பில் சர்வீஸை அழைக்கப்போவது, வரைந்த பிராசஸை ஓட்டும் பிராசஸ் எஞ்சின். வரைபவரின் லேப்டாப் மதுரையில் இருந்தாலும் மஸ்கட்டில் இருந்தாலும் பதில்நேரம் மாறாது. ஆகவே வேகம், கிடைப்புத்தன்மை இரண்டையும் எஞ்சின் லாகிலிருந்து எடுங்கள், 25 பேருக்கும் ஒரே எண்ணைக் காட்டுங்கள்.

மனித விருப்பம் என்று பார்த்தால் 25 பேர், 140 சர்வீஸ்: 3,500 கட்டங்கள். ஒருவர் தொட்டிருப்பது பத்து, இருபது சர்வீஸ். மீதியெல்லாம் காலி. இந்த அட்டவணையில் ஒரே மாதிரி ஆட்களைத் தேடினால், எல்லோரும் தொட்ட இரண்டு மூன்று சர்வீஸ்கள்தான் மேலே வரும். உங்கள் பானும் எஸ்எம்எஸ்ஸும் அப்படி வந்தவைதான்.

உங்கள் அளவுக்குப் பிராசஸ் சூழலே போதும்: இந்த டாஸ்க்குக்கு முந்தைய டாஸ்க்கில் 'அ' சர்வீஸ் இருந்தால் அடுத்து 'ஆ' வந்தது எத்தனை முறை? அதை அப்படியே வகுத்துப் போடாதீர்கள். ஒரே ஒரு முறை பார்த்த ஜோடிக்கு 1/1 = 100% கிடைத்துவிடும். தொகுதியில் ஐந்து மடங்கு பொதுவிகிதத்தையும் (முந்தைய டாஸ்க் எதுவானாலும் அந்த சர்வீஸ் வரும் விகிதம்) பகுதியில் ஐந்தையும் கூட்டுங்கள். ஜிஎஸ்டிஐஎன் சரிபார்ப்பு வந்த 12 பிராசஸ்களில் 7-ல் பர்ச்சேஸ் ஆர்டர் தேடல் தொடர்ந்தது, அதன் பொதுவிகிதம் 0.1 என்றால் (7 + 0.5) / (12 + 5) = 0.44. அதே பொதுவிகிதம் உள்ள, ஒரே முறை பார்த்த ஜோடிக்கு (1 + 0.5) / (1 + 5) = 0.25. இப்போது வரிசை நியாயமாக இருக்கும்.

எண்ணும்போது ஒரு பிராசஸின் கடைசி டிப்ளாய் (உண்மையில் ஓட விட்ட) வெர்ஷனை மட்டும் எண்ணுங்கள். நாற்பது வெர்ஷன் போட்ட ஒரே பிராசஸ் நாற்பது ஓட்டுப் போட்டால் கள்ள ஓட்டுத்தான். காப்பி அடித்து உருவாக்கிய பிராசஸ்களும் இதே சேதத்தைச் செய்யும்.

தகுதி வடிகட்டல் ரேங்கிங்குக்கு முன்னால் நடக்க வேண்டும்: அந்தச் சூழலில் அனுமதி உண்டா, ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறதா, தேவையான இன்புட் அந்தக் கட்டத்தில் கிடைக்குமா. இந்தக் கடைசி நிபந்தனையில் மட்டும் கவனம். ஜிஎஸ்டிஐஎன் 15 எழுத்து, அதில் 3 முதல் 12 வரை உள்ள பத்தும் பான். "பான் என்ற வேரியபிள் இல்லை, ஆகவே தகுதியில்லை" என்று வடிகட்டி சொன்னால் தவறு, ஜிஎஸ்டிஐஎன்னிலிருந்து வெட்டி எடுக்கலாம். இந்த மாதிரிப் பெறுமுறைகளை ஒரு சிறு அட்டவணையாக எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் கணிக்க முயலாதீர்கள்.

தகுதியில்லாததை ஒளிக்கவும் வேண்டாம். பரிந்துரையில் வராது, தேடினால் சாம்பல் நிறத்தில், காரணத்தோடு வரட்டும்: "தயாரிப்புச் சூழலில் அனுமதி இல்லை". ஒளித்தால் கேட்டலாக்கே உடைந்துவிட்டது என்று நினைத்துப் பழைய டேபுக்குத் திரும்புவார்கள்.

---

நிறமாலை

மாதிரிவெளி சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். ஆளுக்கு ஆள் வேறுபாடு வேண்டவே வேண்டாம் என்பது போல வாசிக்க முடிகிறது. வரிசை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும், சரி. ஒவ்வொரு வரியிலும் என்ன எழுதியிருக்கிறது என்பதை ஆளுக்கேற்ப மாற்றலாம், அதற்கு மெஷின் லேர்னிங் எதுவும் தேவையில்லை. அனலிஸ்ட்டுக்கு இரண்டாம் வரியில் "சப்ளையரின் ஜிஎஸ்டி பதிவு நடப்பில் உள்ளதா என்று பார்க்கும். ஒரு அழைப்புக்கு இத்தனை பைசா." டெவலப்பருக்கு அதே இடத்தில் "போஸ்ட், ஓஆத் டோக்கன், வெர்ஷன் 3, டைம்அவுட் 10 நொடி." எந்தப் பார்வை என்பதை ஆளே மாற்றிக்கொள்ளும் ஒரு சுவிட்ச் போதும். பதவியைப் பார்த்து நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

"87% பொருத்தம்" என்பதை இன்றே எடுத்துவிடுங்கள். அது நிகழ்தகவு இல்லை, உங்கள் ஃபார்முலாவின் ஸ்கோரை நூறால் பெருக்கியது. 87-க்கும் 84-க்கும் வித்தியாசம் என்ன என்று யாராவது கேட்டால் உங்களிடமே விடை இருக்காது. அதற்குப் பதில் சரிபார்க்கக்கூடிய ஒரே வரி: "ஜிஎஸ்டிஐஎன் சரிபார்ப்புக்குப் பின் 12 பிராசஸ்களில் 7-ல் வந்தது." 12-ஐ அழுத்தினால் அந்தப் பிராசஸ்களின் பட்டியல் திறக்கட்டும். நட்சத்திரமும் வேண்டாம். யார் எதற்குக் கொடுத்தது என்று தெரியாத நட்சத்திரத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை.

சராசரி பதில்நேரமும் ஏமாற்றும். 1,000 அழைப்புகளில் 940-க்கு 0.2 நொடி, 60-க்கு 8 நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 0.67 நொடி, பார்க்க அழகாக இருக்கும். 95-ஆம் சதமானம், அதாவது நூற்றில் 95 அழைப்புகள் முடிந்துவிடும் நேரம், 8 நொடி. இன்வாய்ஸைத் திரையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் கணக்காளருக்கு அந்த எட்டுதான் தெரியும். 95-ஆம் சதமானத்தைக் காட்டுங்கள், கூடவே "கடந்த 30 நாள், 1,000 அழைப்பு" என்று அளவையும். அழைப்பு இருபதுக்கும் குறைவு என்றால் எண் போடாமல் "போதிய அழைப்புகள் இல்லை" என்று எழுதுங்கள். இரவில் பேட்ச்சாக ஓடும் பிராசஸுக்கு வேகம் பொருட்டே இல்லை, அங்கே அந்த வரியை மடக்கிவிடலாம்.

தனி சர்வீஸின் எண்ணைவிட மொத்தப் பிராசஸுக்கு என்ன ஆகும் என்பது பல நேரம் கண் திறக்கும். ஒவ்வொன்றும் 99% கிடைக்கும் ஐந்து சர்வீஸ்கள் வரிசையாக நின்றால், ஒன்றன் தடங்கல் மற்றொன்றைச் சாராத வரை, 0.99 ஐந்து முறை பெருக்கி 95.1%. மறுமுயற்சி வைக்காவிட்டால் நூறு இன்வாய்ஸில் ஐந்து எங்காவது நிற்கும். மெனுவின் அடியில் "இதைச் சேர்த்தால்: 96.1% → 95.1%" என்று ஒரு வரி போதும். பதில்நேரத்தில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். 95-ஆம் சதமானங்களைக் கூட்டினால் மொத்தத்தின் 95-ஆம் சதமானம் வராது.

பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள் மட்டும் வைத்து நிலையைச் சொல்லாதீர்கள், சொல்லும் வேண்டும். சாம்பல் எழுத்துக்கும் 4.5:1 கான்ட்ராஸ்ட் வையுங்கள். தகுதியில்லாத சர்வீஸின் காரணத்தைத்தான் ஆட்கள் உற்றுப் படிப்பார்கள், அதுதான் பொதுவாக மங்கிக் கிடக்கும்.

---

கட்டம்வட்டம்

மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். அனலிஸ்ட்கள் சிலர் டாஸ்க் பெயரைத் தமிழில் எழுதுகிறார்கள் ("ஜிஎஸ்டி எண் சரிபார்"). கேட்டலாக் பெயர்கள் ஆங்கிலத்தில். அவர்களுக்குப் பெயர்ப் பொருத்தம் பூஜ்யம். இரண்டாவது, சர்வீஸைத் தேர்ந்தபின் இன்புட் இணைப்பதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள், அதுவும் பரிந்துரையில் அடங்குமா?

---

ஓரக்கோடு

இரண்டாவதற்கு: கட்டாயம் அடங்கும். சர்வீஸ் பூசியதும் அதன் இன்புட்கள் டாஸ்க்கின் பக்கத்திலேயே சிறு அட்டவணையாக வரட்டும். இடப்பக்கம் சர்வீஸ் கேட்பது, வலப்பக்கம் நீங்கள் ஊகித்த பிராசஸ் வேரியபிள். ஊகித்ததைச் சாய்ந்த எழுத்தில் காட்டி, ஆள் உறுதி செய்தபின் நேரெழுத்தாக்குங்கள். இதே சர்வீஸ் முன்பு எந்த வேரியபிளோடு இணைந்தது என்பதே சிறந்த ஊகம், பெயர் ஒற்றுமை அதற்கு அடுத்தது. வகை ஒத்துப்போவதை மட்டும் நம்பினால் ஸ்ட்ரிங் எல்லாம் ஒன்றுதான். வாங்குபவரின் ஜிஎஸ்டிஐஎன் சப்ளையர் இடத்தில் போய் உட்காரும், சரிபார்ப்பும் வெற்றி என்று வரும். யாரும் கண்டுபிடிக்க முடியாத பிழை அது. ஒரே வடிவத்தில் இரண்டு வேரியபிள் இருந்தால் ஊகிக்காதீர்கள், காலியாக விட்டுத் தேர்வு கேளுங்கள்.

கட்டாய இன்புட் காலியாக இருந்தால் டாஸ்க்கில் எச்சரிக்கைக் குறி மட்டும் போதும். சேமிப்பதைத் தடுக்காதீர்கள், டிப்ளாய் செய்வதைத் தடுங்கள்.

---

மாதிரிவெளி

தமிழ்ப் பெயர்களுக்கு: ஒவ்வொரு சர்வீஸுக்கும் "வேறு பெயர்கள்" என்ற புலம் சேருங்கள், இரண்டு மூன்று தமிழ்த் தொடர்கள் போதும். 140 சர்வீஸ் ஒருவர் உட்கார்ந்தால் ஓரிரு நாள் வேலை. பிறகு, தேடுவோர் அடித்து விடை கிடைக்காத சொற்களை வாரம் ஒருமுறை பார்த்து அதில் சேர்த்துக்கொண்டே போங்கள்.

ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கத்தையும் என்எஃப்சி-க்கு (ஒரே எழுத்தை ஒரே குறிவரிசையாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றுங்கள். "கொ"-வின் கொம்பும் காலும் ஒரே குறியாகவும் வரலாம், ஒற்றைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் வரலாம். திரையில் ஒன்றாகத் தெரியும், ஒப்பீட்டில் வேறு. "ஔ"-வை "ஒ" போட்டு "ள" போட்டு அடிப்பவர்களை என்எஃப்சி காப்பாற்றாது, அதற்குத் தனி விதி வேண்டும். சரிபார், சரிபார்த்தல், சரிபார்க்கவும் மூன்றும் ஒன்றாக விழ, சொல்லின் முதல் நான்கைந்து எழுத்தை ஒப்பிட்டாலே பெரும்பாலும் சரியாக வரும். எழுத்து என்றால் தமிழ் எழுத்து. யூனிகோட் குறியாக எண்ணினால் "சரிபா"-வே ஐந்து குறி ஆகிவிடும்.

---

மணல்கடிகை

லைக், டிஸ்லைக் பற்றி யாரும் சொல்லவில்லை. வைக்காதீர்கள், 25 பேரில் ஒருவரும் இரண்டாம் வாரத்துக்கு மேல் அழுத்த மாட்டார். நிராகரிப்பு மட்டும் வையுங்கள், வரியின் ஓரத்தில், இரண்டே தேர்வு: "இந்தப் பிராசஸில் வேண்டாம்", "எனக்கு எப்போதும் வேண்டாம்". இரண்டையும் கலந்துவிட்டால், ஒரு பிராசஸுக்குப் பொருந்தாத எஸ்எம்எஸ் சர்வீஸ் அந்த ஆளுக்கு நிரந்தரமாக மறைந்துபோகும். மறைத்தவற்றின் பட்டியல் செட்டிங்ஸில் இருக்கட்டும், திரும்பக் கொண்டுவர வழியோடு.

மீதி சமிக்ஞை லாகிலேயே இருக்கிறது. காட்டியது (எந்த இடத்தில்), பூசியது, ஐந்து நிமிடத்துக்குள் அன்டூ, டிப்ளாய்க்கு முன் வேறொன்றால் மாற்றியது, டிப்ளாயில் தங்கியது. கிளிக்கை வெற்றியாக எண்ணாதீர்கள், டிப்ளாயில் தங்கியதை எண்ணுங்கள். முதல் வரி முதல் வரியாக இருப்பதாலேயே அழுத்தப்படும் என்பதால் இடத்தையும் பதிவு செய்யாத லாக் பிறகு உதவாது.

பழைய ரேங்கிங், புது ரேங்கிங் எது மேல் என்று பார்க்க ஆட்களை இரண்டாகப் பிரிக்காதீர்கள், 12 பேருக்கு 13 பேர் வைத்து எதுவும் தெரியாது. இரண்டு வரிசையிலிருந்தும் மாறிமாறி எடுத்து ஒரே மெனுவில் கலந்து காட்டி, தங்கியது எந்த வரிசையிலிருந்து வந்தது என்று எண்ணுங்கள். யார் முதலில் எடுப்பது என்பதை ஒவ்வொரு முறையும் காசு சுண்டி முடிவு செய்ய வேண்டும்.

பரிந்துரைத்ததால் பயன்படுகிறது, பயன்படுவதால் பரிந்துரைக்கிறோம் என்ற சுழலில் மாட்டாமல் இருக்க, மெனுவின் பரிந்துரைக் குழு வழியாக வந்த தேர்வுக்கு மாதிரிவெளி சொன்ன கணக்கில் அரை எடை கொடுங்கள், தேடி எடுத்ததற்கு முழு எடை. மூன்றாவது வரியை, தகுதியுள்ள ஆனால் அதிகம் காட்டப்படாத சர்வீஸுக்கு ஒதுக்கலாம். "புதிது" என்று எழுதிவிட்டுக் காட்டுங்கள், சும்மா நுழைக்காதீர்கள்.

கேட்டலாக் விவரத்தை நம்பி "இயங்குகிறது" என்று போடவும் வேண்டாம். ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், எஸ்ஏபி சேர்ந்து நடத்திய, வெப் சர்வீஸ்களைப் பட்டியலிட்ட பொது யுடிடிஐ பதிவேட்டை 2006-ல் மூடினார்கள். பதிவேட்டில் பெயர் சேர்ப்பவர், சர்வீஸ் செத்தபின் வந்து நீக்குவதில்லை, எந்தக் கேட்டலாக்குக்கும் இந்த நோய் உண்டு. "கடைசி வெற்றி அழைப்பு: 2 மணி நேரம் முன்" என்பதை லாகிலிருந்து எடுத்து வரியிலேயே எழுதுங்கள்.

"உங்கள் சக ஊழியர் இன்னார் பயன்படுத்தினார்" என்ற பெயர் வேண்டாம். குழுவின் பெயர் போதும், அதுவும் அந்தக் குழுவில் மூன்று பேராவது பயன்படுத்தியிருந்தால்.

---

நிறமாலை

ஓரக்கோடு சொன்ன மெனுவில் ஒரு திருத்தம். மெனு திறந்ததும் ஃபோகஸ் தேடல் பெட்டியில் இருக்கும், முதல் வரி தானாகத் தேர்வாகி நிற்கும். தேடச் சொல்லை அடித்து வேகமாக என்டர் தட்டுபவர், வடிகட்டல் முடியும் முன்பே முதல் பரிந்துரையைப் பூசிவிடுவார். தேடல் பெட்டியில் எழுத்து இருக்கும்போது பரிந்துரைக் குழுவை மறைத்துவிடுங்கள், விடை வரிசை நிலைத்த பிறகே என்டர் வேலை செய்யட்டும். மணல்கடிகையின் லாகில் இந்தத் தவறெல்லாம் "பரிந்துரை ஏற்கப்பட்டது" என்றே பதிவாகும். ஐந்து நிமிட அன்டூவைக் கழிக்காவிட்டால் உங்கள் அறிக்கை முதல் மாதமே பொய் சொல்லும்.